கல்குவாரி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்வந்தேன்: 5க்கு 3

எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரி வரப்போகிறது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது, காலையிலிருந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். இதுவும் நம் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவைதான், அப்படி நினைத்துத்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். கூட்டத்துக்கு மட்டும் என்றால் 5க்கு 4 கொடுப்பேன். அதற்கு முந்தைய ஏற்பாடுகளுக்கு ஒன்றுக்கு மேல் மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்காக: 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்ற பல திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் அந்த வட்டார மக்களிடம் கருத்து கேட்டாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும், கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. அதனால் யாருமே போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதப்படும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சரி, குறைகளைச் சொல்லிவிடுகிறேன். குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று நிறுவனம் தரும் அறிக்கையின் பிரதியைப் பார்க்க ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் நாள் சாவி வைத்திருப்பவர் இல்லை, இரண்டாம் நாள் எந்த அலமாரி என்று தெரியவில்லை, மூன்றாம் நாள் கிடைத்தது, நானூறு பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். தமிழில் இருந்தது வெறும் 18 பக்கச் சுருக்கம், அதுவும் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த தமிழ், இரண்டு முறை படித்தும் வெடி வைக்கும் நேரம் காலையா மாலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. தன் கிணற்றுக்குப் பக்கத்தில் வெடி வைக்கப்போகிறார்கள் என்றால் அந்த விவசாயிக்கு முழு அறிக்கையும் தமிழில் கிடைக்க வேண்டாமா? கல்லூரியில் படிக்கும் அக்கா மகளை உட்கார வைத்து இரண்டு ராத்திரி படித்தபிறகுதான் எனக்கே பாதி புரிந்தது.

ஆனால் அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இந்த மாதிரி அறிக்கைகளுக்குக் காற்று, நீர், ஒலி எல்லாவற்றையும் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு அளக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதம், அதுவும் மழைக்காலம் அல்லாத மாதங்களில். எங்கள் ஊருக்கு அளந்தது மார்ச் முதல் மே வரை. அந்த மாதங்களில் இங்கே புல்லே இருக்காது, ஓடையில் எங்கிருந்து தண்ணீர் இருக்கும்? அதனால் குவாரிக்குப் பக்கத்தில் ஓடும் நீர் எதுவும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. அளந்தவர் பொய் சொல்லவில்லை, அவர் வந்த நாளில் அது வறண்டுதான் கிடந்தது.

கூட்டத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி மைக்கைப் பிடித்து, "ஐயா, ஐப்பசியில வந்து பாருங்க, என் ஆட்டையே அடிச்சிட்டுப் போன ஓடை அது" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. தலைமை தாங்கிய அதிகாரி, "எந்தப் பக்கம்மா, சர்வே நம்பர் தெரியுமா?" என்று கேட்டார், பாட்டிக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த பையன் எழுந்து சொன்னான். நிறுவனத்தின் ஆலோசகரும் குறித்துக்கொண்டார். அறிவியல் கொள்கையில் மக்களுக்கு என்ன வேலை, நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்பவர்களிடம் நான் இனிமேல் இந்தப் பாட்டியைத்தான் சொல்வேன். அவருக்குத் தெரிந்தது அளந்து பார்க்கக்கூடிய ஒரு தகவல், அந்த அறிக்கையில் இல்லாதது.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. மரபணு மாற்றிய பி.டி. (Bt) கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு பச்சைக்கொடி காட்டியபிறகும், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடவில்லை. கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு என்று ஏழு ஊர்களில் விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துக் கேட்டார், 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்த முடிவு சரியா என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை, பங்களாதேஷ் 2013-இல் அதே கத்தரிக்காயை அனுமதித்துவிட்டது. எனக்கு அந்த முடிவைவிட, சாப்பிடப்போகிறவர்களையும் விளைவிக்கிறவர்களையும் கேட்டபிறகு எடுத்தது என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட வைக்கவில்லையே என்ற வருத்தம் மட்டும் உண்டு.

மொழிப் பிரச்சினையும் புதிதில்லை. 2020-இல், மேலே சொன்ன 2006 அறிவிக்கையையே மாற்ற ஒரு வரைவு வந்தது, 30 நாள் அவகாசத்தை 20 ஆகக் குறைக்கும் யோசனை அதில் இருந்தது. அந்த வரைவை அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்துப் போடச் சொல்லி அந்த ஜூன் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வரைவுக்கே அப்படிச் செய்யலாம் என்றால், ஒரு ஊரின் தலையெழுத்தை எழுதும் அறிக்கைக்கு ஏன் முடியாது?

போகிறவர்களுக்கு: பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள், அதுவும் கணக்கில் சேரும், ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து போகாதீர்கள், கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் உரக்க வாசிப்பார்கள், அந்த நேரத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் குறிப்பு வாசித்தபோது ஓடை "கால்வாய்" ஆகியிருந்தது. பாட்டி போகாமல் இருந்தார், "கால்வாய் இல்லைங்க, ஓடை" என்றார். அடித்துத் திருத்தி மறுபடி வாசித்தார்கள். மக்கள் எழுப்பிய ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். ஓடைக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இதே விமர்சனத்தின் கீழே சேர்க்கிறேன், மதிப்பெண்ணும் அப்போது மாறலாம்.