மறுபரிசீலனையா, கூடுதல் கோரிக்கையா?

பணியில் பட்ட முழங்கால் காயத்துக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை 10 சதவீத இயலாமை மதிப்பீடுதான் தந்திருக்கிறது, போதாது. சரி, எந்தப் படிவம்?

ஆதாரம்: உயர்நிலை மறுபரிசீலனையில் (20-0996) புதிதாக ஒரு தாள்கூடச் சேர்க்க முடியாது, மூத்த அதிகாரி பழைய கோப்பையே பார்ப்பார். கூடுதல் கோரிக்கைக்கு (20-0995) புதிய, தொடர்புள்ள ஆதாரம் கட்டாயம்.

கெடு: முன்னதற்கு ஒரு வருடம். பின்னதற்குக் கெடு இல்லை. ஆனால் வருடம் தாண்டினால் நிலுவைத் தொகை பொதுவாக அடிபடும்.

கட்டணம்: இரண்டுக்கும் இல்லை.

முழங்கால் 30 பாகைதான் மடங்குகிறது என்று மருத்துவர் அளந்தது கோப்பிலேயே இருந்தால், அது 20 சதவீதத்துக்குரியது. முதலில் முடிவெடுத்த அதிகாரி கவனிக்கவில்லை, அவ்வளவுதான், மறுபரிசீலனை கேளுங்கள். மூத்த அதிகாரியிடம் தொலைபேசியில் பேசும் வாய்ப்பையும் விடாதீர்கள். அளக்கவே இல்லையா? முதலில் அளந்து சான்று வாங்குங்கள், அப்புறம் கூடுதல் கோரிக்கை.