பிரிண்டருக்கு மாறாத ஐபி: ரவுட்டரில் வைப்பதா, பிரிண்டரிலேயே வைப்பதா?

பிரிண்டர் எதிரிலேயே இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது. கணினியோ 'ஆஃப்லைன்' என்று அடம்பிடிக்கிறது. எங்கள் வீட்டில் இப்படி ஆனபோது டிரைவர், கேபிள், மை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகுதான் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். வீட்டு வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி எண்தான் ஐபி. 192.168.1.102 என்று இருந்த பிரிண்டர், கடைசி எண் மாறி 105க்குப் போயிருந்தது. கணினி தேடிய 102இல் என் போன் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

இதில் ரவுட்டர் மேல் குற்றமில்லை. கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபி ஏற்பாடு, முகவரியைச் சொந்தமாகத் தருவதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது. தவணையில் பாதி கழிந்ததுமே கருவி புதுப்பிக்கக் கேட்கும், அதனால் எப்போதும் இயங்கும் கருவிக்குப் பெரும்பாலும் பழைய எண்ணே நிலைக்கும். நாள்கணக்கில் அணைந்து கிடந்தாலோ, ரவுட்டர் மறுபடி ஆன் ஆகும்போது பழைய பட்டியலை மறந்துவிட்டாலோதான் எண் மாறும். போன், டிவிக்கு அது மாறினால் என்ன? அவற்றை யாரும் தேடிப் போவதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம். பிரிண்டர், கேமரா போன்றவற்றை நாம்தான் தேடிப் போகிறோம். அவற்றுக்குத்தான் மாறாத எண் வேண்டும், அதற்கு வழி இரண்டு.

முதல் வழி, கருவியிலேயே ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத எண்ணைக் கையால் போடுவது. ஐபி, சப்நெட் மாஸ்க் (வலையின் எல்லையைச் சொல்வது), கேட்வே (ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்ணாக்கித் தரும் சர்வரின் முகவரி) என நான்கையும் பிரிண்டரின் குட்டித் திரையில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி உள்ளிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் போட்டது ரவுட்டருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். டிஹெச்சிபி 100 முதல் 199 வரை கொடுத்துக்கொண்டிருக்க, நாம் 150ஐ எடுத்துக்கொண்டால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதே 150ஐ ரவுட்டர் வேறொன்றுக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் இரண்டும் முட்டிக்கொள்ளும். மாஸ்க் 255.255.255.0 என்றால் 254 முகவரிகள் இருக்கின்றன, அவற்றில் டிஹெச்சிபியின் 100-199 வரம்புக்கு வெளியே 20, 30 என்று எடுத்தால் தொல்லை இல்லை. லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 10இல் தொடங்கும் முகவரி உள்ள வேறொரு வைஃபைக்குப் போனதும் இணையம் வராது, காரணமும் சட்டென்று பிடிபடாது.

இரண்டாவது வழி, ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன், அதாவது ஒரு கருவிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பது. பிரிண்டரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) எதிரே 192.168.1.120 என்று எழுதிச் சேமித்துவிட்டு, பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் வேலை முடிந்தது. பிரிண்டர் தன் போக்கில் 'ஆட்டோ'விலேயே இருக்கும். எதற்கு எந்த எண் என்பது ஒரே பக்கத்தில் தெரியும்.

இதற்கும் ஓட்டை உண்டு. எல்லாமே மேக் முகவரியை நம்பியிருக்கிறது. பிரிண்டரை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினால் மேக்கும் மாறும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான மேக்கைக் காட்டாமல் ஒரு கற்பனை மேக்கைக் காட்டுவதே வழக்கம். போனுக்கு ரிசர்வேஷன் போடுவதென்றால் அந்த வசதியை வீட்டு வைஃபைக்கு மட்டும் நிறுத்த வேண்டியிருக்கும்.

என் ஓட்டு ரிசர்வேஷனுக்கே. ரவுட்டரை மாற்றும் நாளில் காரணம் புரியும். புது ரவுட்டர் 192.168.0.1 என்று வந்தால், ஸ்டாட்டிக் போட்ட பிரிண்டர் பழைய 192.168.1.20இலேயே நின்றுகொண்டிருக்கும். உள்ளே போய்த் திருத்தக்கூடச் சுலபமான வழியில்லாமல் மறுபடி அந்தக் குட்டித் திரைதான். ரிசர்வேஷன் பட்டியலும் அன்று காணாமல் போகும், அது உண்மைதான். ஆனாலும் பிரிண்டர் புது எண்ணை வாங்கிக்கொண்டு வலையில் வந்து நிற்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஸ்டாட்டிக்கை விட முடியாது: பழைய ரவுட்டரை இரண்டாவது வைஃபை மையமாக வைக்கும்போது. அதில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, லேன் (வீட்டு வலை) முகவரியை 192.168.1.2 என்று கையால் போட வேண்டும். இரண்டுமே 192.168.1.1 என்று நின்றால், பிரவுசரில் எதன் பக்கம் திறக்கும் என்பது குலுக்கல்தான்.