கொடைக்கானல் ஏரிச் சாலைக் கடையில் வாங்கிய எரிமலைக் கல் பெட்டி

650 ரூபாய் கொடுக்கலாம். நுரைக்கல்லைத் தண்ணீர் டம்ளரில் போட்டேன், மிதந்தது. மகள் அதை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். கருங்கண்ணாடிக் கல்லும் பசால்ட் என்ற கரும்பாறையும் பரவாயில்லை ரகம்.

காசுக்கு மதிப்பு அந்தச் சின்னக் குப்பியில்தான் இருக்கிறது. ‘தோபா சாம்பல், ஜ்வாலாபுரம்’ என்று சீட்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த எரிமலை அது. வெடித்த இடம் இன்று 100 கிலோமீட்டர் நீள ஏரி. சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து விழ, ஓடைகள் அடித்துவந்து சேர்த்ததில் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் பள்ளத்தாக்கில் மீட்டர் கணக்கில் படிந்தது. பார்வைக்குக் கோலமாவுதான். லென்ஸ் வைத்தால் வளைந்த சில்லுகள், குமிழி வெடித்துச் சிதறிய கண்ணாடி! பிள்ளைகள் ஊதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்னோகைட் என்ற பாறைத் துண்டுக்கு ‘பழனிமலை லாவா’ என்று சீட்டு ஒட்டியிருப்பதுதான் எரிச்சல். இந்த மலை எரிமலையே இல்லை; இது பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து உருமாற்றிய பாறை. சொன்னதற்கு, “எல்லாம் சூட்டுல வந்ததுதானே சார்” என்றார் கடைக்காரர். அப்புறம், மூடியின் கொக்கி நிற்காது. ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.