பெட்ரோல் போடும்போது மட்டும் ஒழுகினால், டேங்க்கை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

சேலத்தில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். டேங்க்கில் ஓட்டை என்று சொல்லி என்னிடம் 17,500 ரூபாய் வாங்கினார்கள். டேங்க்கில் ஓட்டையே இல்லை.

குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பிய அன்று, ஐந்து ரோடு பக்கம் ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் போடச் சொன்னேன். போட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பெட்ரோல் கொட்டியது. பெட்ரோல் போட்ட தம்பி உடனே நாசிலை நிறுத்தி, மணல் வாளியைத் தூக்கி வந்து கொட்டினார். ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்று சொல்லி, அவரே ஆள் சேர்த்து வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்தினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவி நிற்கும், ஒரு பொறி போதும். அந்தத் தம்பி நன்றாக இருக்கணும். சற்று நேரத்தில் ஒழுகல் தானாக நின்றுவிட்டது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்த ஓனர், "டேங்க் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துருச்சுங்க. இதோட மலை ஏறினா வண்டி எரிஞ்சுரும்" என்றார். பிள்ளைகள் பின் சீட்டில் இருக்கும்போது இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? புது டேங்க், பம்ப் சீல், கூலி என்று பில் வந்தது. பழைய டேங்க்கைக் கேட்டதற்கு, "காயலான் கடைக்குப் போயிருச்சுங்க" என்றார்கள்.

அடுத்த முறை பெட்ரோல் போட்டபோது, அதே இடத்தில் அதே ஒழுகல்.

பிறகு அம்மாப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வியே, "நிக்கும்போது ஒழுகுதா, போடும்போது மட்டும் ஒழுகுதாங்க?" என்பதுதான். டேங்க்கின் அடியில் ஓட்டை என்றால் பெட்ரோல் இருக்கும்வரை ஒழுகிக்கொண்டே இருக்கும், நிறுத்திய இடமெல்லாம் கறை விழும். இன்ஜினுக்குப் போகும் லைனில் கசிவு என்றால், பம்ப் ஓடி அழுத்தம் ஏறும்போதுதான் பெரிதாகத் தெரியும். டேங்க் மேலே உள்ள பம்ப் சீல் போயிருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போதும் மேடு ஏறும்போதும் கசியும். நிறைய கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து வாடை வரும். பெட்ரோல் போடும்போது மட்டும் கொட்டி, நிறுத்தினால் நிற்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது மூடியிலிருந்து டேங்க்குக்கு இறங்கும் பில்லர் குழாய், அதன் ரப்பர் ஹோஸ், பக்கத்தில் ஓடும் பிரீத்தர் ஹோஸ் (பெட்ரோல் இறங்கும்போது டேங்க்கில் உள்ள காற்று வெளியேறும் குழாய்). மற்ற நேரத்தில் அந்த ஹோஸில் பெட்ரோல் நிற்காது.

சக்கரத்துக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் துணியால் துடைத்தார். திறந்த வெளியில், கேனிலிருந்து புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி வெடித்திருந்தது. ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய்.

எனக்கு ஆறாத விஷயம் அடுத்ததுதான். டேங்க்கை இறக்க வேண்டும் என்றால் அந்தக் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹோஸைக் கையால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். வெடிப்பு கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. அப்படியென்றால் அவர்கள் டேங்க்கை இறக்கினார்களா? பெரியவர் டேங்க்கின் அடியைத் துடைத்தபோது, கறுப்புப் பெயின்ட்டுக்குக் கீழே பழைய சேறு. முன்பு ஒரு முறை மலையில் கல் அடித்து விழுந்த சொட்டையும் அப்படியே இருக்கிறது. என் பழைய டேங்க்குக்கே பெயின்ட் அடித்துப் புதுசு என்று பில் போட்டிருக்கிறார்கள். பில்லில் பார்ட் நம்பரும் இல்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது. அதனால் ஹோஸ் கேஸ்கள் இன்னும் வரும், டேங்க் பில் போடுகிறவர்களும் இருப்பார்கள். ஒழுகும் இடத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பில்லையும் டேங்க்கின் போட்டோக்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பவில்லை என்றால், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து ரோடு பக்கம் சமீபத்தில் டேங்க் மாற்றியவர்கள், வண்டிக்கு அடியில் ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.