தருமபுரியில் மாத்திரை வாங்கப் போனபோது

2020 ஊரடங்கில்தான் என் அண்ணன் மகனுக்கு மனநோய் தொடங்கியது. அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டான், ராத்திரி தூங்கவில்லை, தட்டில் போட்ட சோற்றைச் சந்தேகமாகப் பார்த்தான். ஆன்லைன் கிளாஸ், செல்போன், கொரோனா பயம் என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊரே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பயந்த நேரத்தில் இவன் பயம் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்? தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது, "என்னைக் கண்காணிக்கத்தான்" என்றானாம். அண்ணிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சேலத்து டாக்டரிடம் போக பஸ் இல்லை, இ-பாஸ் வேண்டும். நடுவில் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். டாக்டரைப் பார்க்கும்போது பொங்கலே முடிந்துவிட்டது. 2022 அக்டோபரில் வந்த 14416 மனநல உதவி எண் அப்போதே இருந்திருக்கக் கூடாதா! இப்போது எந்நேரமும் தமிழிலேயே பேசுகிறார்கள்.

நான் இருக்கும் இங்கிலாந்தில், இப்படி இல்லாததை நம்பிப் பயப்படும் 'சைக்கோசிஸ்' என்கிற இந்த நோய் முதல்முறை வருபவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2016 முதல் அங்கே இலக்கு. தள்ளிப்போகப் போக மீள்வது கடினம் என்பதால்தான் அந்த அவசரம். எங்கள் பையனுக்கு மாதக்கணக்கில் போனது.

இருந்தும் மீண்டு வந்தான். செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். நான் ஊருக்கு வந்திருந்தபோது, மாத்திரை தீர்ந்ததென்று அவனோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். சீட்டை அவன்தான் நீட்டினான். ஓலன்சபின். கடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது பைத்தியத்துக்குக் குடுக்கறதாச்சே, யாருக்கு தம்பி?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு விட்டாரா? "பழகிட்டா விட முடியாது. பாக்க நல்லாத்தான இருக்க, நிறுத்திடு" என்று ஆலோசனை வேறு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். இங்கிலாந்தில் மருந்துக் கடையில் தனியாகப் பேச ஒரு சின்ன அறையே இருக்கும். இங்கே அறை வேண்டாம், குரலைத் தாழ்த்தினால் போதாதா? சின்ன வயதில் எங்கள் மெடிக்கல் அண்ணன் எந்த மருந்தையும் பழுப்புக் கவரில் போட்டுப் பேசாமல் கொடுப்பார். அந்த மரியாதை எங்கே போனது?

"சீட்டைக் குடுங்க" என்று நான் வாங்கிக்கொண்டேன். நான்கு கடை தள்ளி ஒரு பெண் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார், காலையா ராத்திரியா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த மாசம் நீயே போய் வாங்கிக்குவியா?" என்றேன்.

"அந்தக்கா கடைன்னா போறேன், சித்தப்பா" என்றான்.