"கூட்டுக் கடனைப் பாதியாகப் பிரித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள்: என் 1,38,500 ரூபாய் போன கதை

1,38,500 ரூபாய். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்வு ஆலோசனை என்று போனில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கும் ஓர் ஆன்லைன் நிறுவனத்துக்குப் போன பணம் இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எப்படிப் பேசுகிறார்கள் என்று சொன்னாலே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

கோவையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன், ஆரி வேலையும் உண்டு. வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும், வீட்டுக் கடனும் இருவர் பெயரில். சேர்ந்திருந்தவரை 19,400 ரூபாய் தவணையில் பாதி அவர் சம்பளத்திலிருந்து வரும். பிரிந்ததும் அது நின்றது. குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, அந்தக் கதை இங்கே வேண்டாம். இப்போது அந்த வீட்டில் நானும் மகளும்தான். வீட்டுத் தவணை போக மெஷின் வாங்கிய கடனுக்கு 7,800. அப்புறம் கிரெடிட் கார்டு. ஸ்டோன், ஜரிகை, லைனிங் துணி எல்லாம் அதில்தான் எடுப்பேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது புரியும்: தை மாதத்தில் தூங்க நேரம் இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மெஷின் சும்மா கிடக்கும். வங்கிக்கு ஆடி ஏது, மார்கழி ஏது? ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி.

இந்த வருடம் ஆடியில்தான் அந்த விளம்பரத்தில் என் நம்பரைப் போட்டேன். உடனே ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல தமிழ், பொறுமையான குரல். கடன் எவ்வளவு என்று எடுத்தவுடனே கேட்கவில்லை. "தனியா எல்லாத்தையும் பாத்துக்கறீங்களாக்கா?" என்றுதான் ஆரம்பித்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "பிரிஞ்சு போனவரோட கடனையும் நீங்க எதுக்குக்கா சுமக்கணும்? உங்க பங்கு பாதிதான். பேங்க்ல பேசி லோனை ரெண்டாப் பிரிச்சு, உங்க பாதியை மட்டும் குறைச்சு முடிச்சுத் தர்றோம். அவர் கையெழுத்துகூட வேண்டாம்."

அவர் கையெழுத்து வேண்டாம் என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் நம்பினேன். அவர் போனையே எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் அனுசரித்துப் போகச் சொல்கிறார்கள். இவள் ஒருத்திதான் எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து பேசினாள். தெரிந்துதான் பேசியிருக்கிறாள், அது இப்போது புரிகிறது. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். பத்தாவது என்றேன். "அப்ப பாப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாங்க்கா. பேங்க் லெட்டர் ஒண்ணும் வீட்டுக்கு வராம நாங்க பாத்துக்கறோம்" என்றாள். எந்தத் தாய் அதற்கு மேல் யோசிப்பாள்?

முன்பணம் 38,500, ஜிஎஸ்டி சேர்த்து. அடுத்து மாதம் 25,000. மூன்று கடனுக்கும் தவணை கட்டுவதை நிறுத்திவிட வேண்டும். "நீங்க ஒழுங்காக் கட்டிக்கிட்டே இருந்தா பேங்க் எதுக்குக்கா இறங்கி வரும்?" என்று அதற்கு ஒரு நியாயம். மாதா மாதம் போடும் 25,000 என் பேரில் சேமிப்பாகச் சேருமாம், கடைசியில் அதை மொத்தமாகக் காட்டி வங்கியிடம் பேரம் பேசுவார்களாம். நான்கு மாதம் கட்டினேன். தீபாவளி சீசனில் விடிய விடியத் தைத்த காசு முழுக்க அங்கேதான் போனது. ஒரு லட்சமும் 38,500-ம், ஆக 1,38,500.

ரசீது பிடிஎஃப்பாக வரும். சேமிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. "ஆலோசனைச் சேவைக் கட்டணம், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி சேர்த்து என்று வாங்கினார்களே, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நான் ஜரிகை வாங்கும் கடையின் பில்லில்கூட அது இருக்கும்.

இரண்டாவது மாதத்திலிருந்து வங்கியின் போன். எடுக்க வேண்டாம், எங்கள் லீகல் டீம் பேசும் என்றார்கள். மூன்றாவது மாதம் வசூல் ஆட்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். முகூர்த்த பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்த பெண்ணும் அவள் மாமியாரும் நிற்கிறார்கள், இவன் கடன் நம்பரைச் சத்தமாகப் படிக்கிறான். அந்த ஆர்டர் போய்விட்டது, அதை 1,38,500 கணக்கில் சேர்க்கவில்லை. பதறிப்போய் அந்த நிறுவனத்துப் பெண்ணைக் கூப்பிட்டால் வேறு ஆள் எடுக்கிறார்.

"உங்க ஃபைல் லீகல் டீம்ல இருக்கு மேடம்."

"டிக்கெட் போட்டாச்சு மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க."

"அவங்க இப்ப இங்க வேலையில இல்லைங்க மேடம்."

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. மாதம் பிறந்ததும் 25,000 கட்டச் சொல்லும் மெசேஜ் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

போன வாரம் பதிவுத் தபாலில் வங்கி நோட்டீஸ். அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டம், பிரிவு 13(2). தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு இந்த நோட்டீஸ் அனுப்பலாம். 60 நாளுக்குள் மொத்தக் கடனையும் கட்டு, இல்லாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுப்போம் என்று அர்த்தம். லெட்டர் வீட்டுக்கே வராது என்றார்கள் அல்லவா? தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதே என் மகள்தான்.

மறுநாளே கிளைக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். "ஏம்மா, உங்க பேரைச் சொல்லி இப்படி ஒரு மெயில் வந்துச்சு, இதுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது?" என்று கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரே ஒரு மெயில், அதுவும் வங்கியின் பொதுவான வாடிக்கையாளர் சேவை முகவரிக்குப் போய் அங்கிருந்து கிளைக்கு வந்தது. ஆங்கிலத்தில் முக்கால் பக்கம். என் கடன் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. இரண்டாவது பத்தியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஓர் ஆணின் பெயர். எவனுக்கோ எழுதியதை அப்படியே எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடனைப் பிரிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இதற்கு 1,38,500!

மேலாளர் சொன்னதைக் கேளுங்கள், பிரிந்து வாழும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக் கடனில் பாதி பங்கு என்று ஒன்று கிடையாது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. யார் கட்ட வேண்டும் என்று நாளைக்கே கோர்ட் சொன்னாலும் அது கணவன் மனைவிக்கு நடுவில்தான், வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் பெயரைக் கடனிலிருந்து எடுக்க வங்கி சம்மதிக்க வேண்டும், மற்றவர் வருமானம் மட்டுமே போதும் என்று வருமான வரிக் கணக்கைக் காட்டி நிரூபிக்க வேண்டும், விலகுகிறவர் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. அப்புறம், வீட்டையே அடமானமாகக் கையில் வைத்திருக்கும் வங்கி எதற்காகக் கடனைத் தள்ளுபடி செய்யும்? கார்டு பாக்கிக்கு வேண்டுமானால் பேசிக் குறைப்பார்கள், அதை நாமே நேரில் கேட்கலாம். ஆனால் அதுவும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்று ஏறும், அடுத்த கடைக் கடனுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"ஆடியிலயே வந்திருந்தா தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்கக் கேட்டிருக்கலாமே" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆடியில் என்னை வங்கிக்குப் போகவிடாமல் பிடித்துவைத்தது யார்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த நிறுவனம் சொன்ன பதில்: "மெயில் அனுப்பிட்டோமே மேடம், சர்வீஸ் கொடுத்தாச்சு." திரும்பக் கூப்பிட்டால் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நகையை அடகு வைக்க ஓட வேண்டும். நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழையபடி ஆகும், அரைகுறையாகக் கட்டினால் வாராக்கடனாகவே நிற்குமாம். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தவணையை நிறுத்தச் சொல்பவன் யாராக இருந்தாலும் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். வருமானம் குறைந்த மாதமே கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மீறினால் முதலில் வங்கியில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448. ஆனால் அவரிடம் வங்கி, நிதி நிறுவனம் மாதிரி ரிசர்வ் வங்கியின் கீழ் வருபவர்கள் மீதுதான் புகார் சொல்ல முடியும். இந்த மாதிரி ஆலோசனைக் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் கீழேயே வரவில்லை, அந்தத் தைரியத்தில்தான் ஆடுகிறார்கள். இவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. பணம் போன உடனே தெரிந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், பெண் என்றால் வருமான வரம்பே பார்ப்பதில்லை. 15100-க்குக் கூப்பிட்டாலும் சொல்வார்கள். என் நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதித் தருவது அவர்கள்தான், ஒரு பைசா வாங்கவில்லை.

இதே மாதிரி இடத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் சாட், கால் ரெக்கார்டிங் எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தகவல் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்தில் சேர்ந்து மனுப் போட முடியுமா என்று திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.