ஒரு சாஃப்ட்பால் சீசனும் அதற்குக் கட்டிய சந்தாவும்

பேஸ்பாலின் சாயலில், பெரிய பந்தைக் கீழ்க்கை வீச்சில் வீசி ஆடும் சாஃப்ட்பாலின் அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டங்களை நேரலையாகத் தரும் ஓடிடி சேவை ஒன்றுக்கு 2025 பிப்ரவரியில் சந்தா கட்டினேன். டல்லஸ் அருகே பள்ளியில் படிக்கும் என் மகள் அப்போதுதான் பந்து வீசப் பழகத் தொடங்கியிருந்தாள். நல்ல பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) அவள் வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். ஜூன் 6 அன்று இறுதி ஆட்டம் முடியும்வரை ஏறக்குறைய எல்லா வார இறுதிகளிலும் பார்த்தோம் என்பதால், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

சாஃப்ட்பாலின் சுவை முழுவதும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையிலுள்ள 43 அடியில் இருக்கிறது. கையைக் கீழிருந்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி விடப்படும் பந்து அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் பேட்டரை அடைந்துவிடுகிறது. பெரிய ஆட்டங்களில், நடு வெளிக்களத்தில் பிட்சருக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட கேமரா இதை மிக அழகாகக் காட்டியது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணியின் பிட்சர் நிஜாரி கனடி வீசும் பந்து, பேட்டர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகும் மேலேறுவது போலத் தோன்றுவதை அந்தக் கோணத்திலிருந்துதான் உணர முடிந்தது. மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, பந்தை விடும் நொடியில் முன்கை இடுப்போரம் உரசிச் செல்வதுகூடத் தெரிந்தது. பயிற்சியாளர் பலமுறை சொல்லியும் மகளுக்குப் பிடிபடாத நுணுக்கம் அது. நான்கைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று தானே செய்து பார்த்தாள். எங்களைப் பொறுத்தவரை சந்தாத் தொகையில் பாதி அந்த ஒரு மாலையிலேயே திரும்பி வந்துவிட்டது.

வர்ணனையின் தரமும் குறிப்பிடத்தக்கது. 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற பிட்சரான மிஷெல் ஸ்மித் பேசும்போது, அடுத்து எந்தப் பந்து வரக்கூடும், ஏன் வரக்கூடும் என்பதைக் கற்றுக்கொள்ள முடிகிறது. வழக்கமான ஆட்டங்களில் இந்தத் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது. சில ஒளிபரப்புகளில் ஓரிரு கேமராக்களே இருந்தன; பந்து வேலியோரம் போனால் அது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

என் உண்மையான வருத்தம் வேறொன்று. மறுநாள் பார்க்கலாம் என்று ஆட்டப் பதிவைத் தேடினால், அதன் தலைப்புப் படத்திலேயே வெற்றி பெற்ற அணியின் கொண்டாட்டம் இருக்கும். வேலைக்குப் போய்விட்டு இரவில் பார்ப்பவர்களைப் பற்றி அந்தச் சேவையில் ஒருவரும் யோசிக்கவில்லை போலும். இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

ஆயினும் முழுச் சீசனையும் பார்த்திராவிட்டால் ஒக்லஹோமா சிட்டியில் நடந்த கடைசிக் கட்டம் எங்களை இவ்வளவு தொட்டிருக்காது. 64 அணிகளில் எஞ்சிய எட்டு அணிகள் அங்கே மோதின. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றிருந்த ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியை, அரையிறுதியில் டெக்சஸ் டெக் 3-2 என்ற கணக்கில் வெளியேற்றியது. மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், எதிரணியான டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் (டெக்சஸ் டெக் அல்ல, வேறு அணி) ரீஸ் அட்வுட்டை அடிக்க விடாமல் வேண்டுமென்றே எட்டாத பந்துகளை வீசி, முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவைக்கக் கனடி முயன்றார். ஒதுக்கி வீச வேண்டிய ஒரு பந்து மட்டைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட, அட்வுட் அதை அடித்து இரண்டு ரன்களைக் கொண்டுவந்தார். ஆட்டம் 2-1 என்று டெக்சஸ் பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியிலிருந்து கனடியின் துல்லியத்தைப் பார்த்து வந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு பந்தின் விலை புரியும். இரண்டாம் ஆட்டத்தை டெக்சஸ் டெக் வென்றது. ஒக்லஹோமா சிட்டியில் அதுவரை தன் அணியின் எல்லா இன்னிங்ஸையும் தனியாளாக வீசியிருந்த கனடி, மூன்றாம் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் ஐந்து ரன்களைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தார். கேமரா அவர் முகத்தில் நெடுநேரம் நிலைக்காமல் விலகிய கண்ணியத்தை நான் மனமார மதிக்கிறேன். டெக்சஸ் 10-4 என்று வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. அந்த ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று தளங்களிலும் சக வீராங்கனைகள் நிற்க, ஒரே அடியில் நான்கு ரன்கள்) அடித்த டெக்சஸின் மியா ஸ்காட், முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் ஆடியிருந்தார் என்பது பின்னரே தெரிய வந்தது.

ஜூனில் மட்டும் பார்க்க விரும்புபவர்களுக்கு இந்தச் சந்தா அவசியமில்லை. இறுதித் தொடர் வழக்கமான தொலைக்காட்சி அலைவரிசையிலேயே வருகிறது. பந்து வீசப் பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால், சீசன் தொடங்கும் பிப்ரவரி முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள். பதிவுகளைத் தேடும் வேலையை மட்டும், முடிவு தெரிந்தால் வருந்தாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை என் மனைவி செய்கிறார்.